நகராத நிழல்

மேட்டூர் மின்சாரம் சேலம் நகரத்துக்கு வந்த மறு ஆண்டு, ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாளில், சென்னியம்மாள் தன் கணவன் செங்கோடனை வண்டியில் வைக்கோல் பரப்பிக் கிடத்தி, சேந்தமங்கலத்துக்கு அருகேயுள்ள தங்கள் ஊரிலிருந்து சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

செங்கோடனுக்கு வயது இருபத்தைந்து. எருது பூட்டி நீரிறைக்கும் கவலை ஓட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தனர். கிணற்றில் சால் நிரம்பியதும் வடத்தின்மேல் ஒரே தாவில் உட்கார்ந்து, எருதுகள் சரிவில் இறங்க இறங்கப் பாட்டெடுப்பான். அந்தச் சரிவிலேதான் சித்திரையில் ஒரு நாள் கால் பிசகி விழுந்தான். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வீங்கிற்று. எலும்பு கட்டுகிற வைத்தியர் முட்டை வெண்கருவையும் உளுந்த மாவையும் குழைத்துப் பூசி மூங்கிற் சிம்பு வைத்துக் கட்டினார். கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது வீக்கம் வடியவில்லை. தேங்காய் அளவுக்கு வளர்ந்திருந்தது. மேல்தோல் மினுமினுத்தது. கையை வைத்தால் உலைப்பானையின் வெளிப்புறம்போலச் சுட்டது.

ஆஸ்பத்திரியில் அவனை ஏற்றுக்கொண்டவர் டாக்டர் அருணகிரி. ஆத்தூர்ப் பக்கத்தவர், சென்னையில் படித்துத் தேறி, பின்னர் வியன்னா நகரத்திலும் பயின்று திரும்பியவர். மெலிந்த உடம்பு, அவசரம் அறியாத பேச்சு. வீக்கத்திலிருந்து ஒரு சிறு துணுக்கை எடுத்துச் சென்னைக்கு அனுப்பிச் சோதித்ததில், அஃது எலும்பிலே பிறந்த புற்று என்பது ஐயமற உறுதியாயிற்று. அந்தச் செய்தியை அவர் ஒளிக்கவில்லை. கட்டிலின் அருகே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கணவன் மனைவி இருவரிடமும் சொன்னார்.

"புத்து முழங்காலுக்குக் கீழேயே நின்னிருந்தா, தொடையில பாதியோட காலை எடுத்துட்டு உயிரைக் காப்பாத்தப் பாக்கலாம். தொடை மேலே ஏறியிருந்தா வெட்டிப் பிரயோசனமில்லை. வீணா உங்களை நோகடிக்கக்கூடாது."

"ஏறியிருக்குதா இல்லையான்னு எப்படிங்க தெரியும்?" என்று சென்னியம்மாள் கேட்டாள்.

"எலும்பை மட்டும் படம் எடுத்தா முழுசாத் தெரியாது. புத்து வளரணும்னா அதுக்கு ரத்தம் வேணும். தனக்குன்னு புதுசு புதுசா ரத்தக்குழாய் வெட்டிக்கும். இடுப்புக்குக் கீழே பெரிய குழாய்ல ஒரு மருந்தைச் செலுத்தி, அது ஓடறப்பவே எக்ஸ்ரே படம் பிடிச்சா, குழாய் அத்தனையும் வெள்ளையா விழும். புத்து எங்க இருக்கோ அங்கெல்லாம் காட்டிக் கொடுத்துரும். போர்த்துகல் தேசத்து வைத்தியருங்க கண்டுபிடிச்ச வழி."

செங்கோடன் படுத்தவாறே, "வாய்க்கா எங்கெங்க போகுதுன்னு பாத்தா வெள்ளாமை எங்கன்னு தெரிஞ்சுரும். அப்படித்தானுங்களே?" என்றான்.

"அதேதான்."

"அப்பப் பாருங்க. எங்க வாய்க்காலு ஒண்ணும் ஒழுங்கா இருக்காது."

டாக்டர் சிரித்துவிட்டார். சாவு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருக்கும்போது இப்படிப் பேசக்கூடிய மனிதனை அவருக்கு அன்றே பிடித்துப்போயிற்று.

மறுநாட்காலையில் படம் எடுப்பதென்று முடிவாயிற்று. நர்ஸ் கமலவேணி அவனுடைய காலை இடுப்பு முதல் பாதம் வரை சோப்பிட்டுக் கழுவிவிட்டு, சென்னியம்மாளிடம் விரலை நீட்டிக் கண்டிப்பாகச் சொன்னாள்: "எண்ணெய், திருநீறு, பச்சிலை ஒண்ணும் இந்தக் கால்ல படக்கூடாது. பட்டுதோ, உன்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திருவேன்."

"இல்லீங்கம்மா" என்றாள் சென்னியம்மாள். அப்போது அவள் பொய் சொல்லவில்லை.

அன்று பிற்பகலில் செங்கோடனுடைய தமக்கை வள்ளியாத்தாள் ஊரிலிருந்து வந்தாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவளே. தம்பியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபின், சென்னியம்மாளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்று, மடியிலிருந்து ஒரு வாழைச்சருகுப் பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே விளக்கெண்ணெயில் குழைத்த ஈயச் செந்தூரம் இருந்தது. சந்தையில் வாங்கி, ஊர் அனுமந்தராயன் காலடியில் ஒரு நாள் முழுதும் வைத்திருந்து எடுத்துவந்தது.

"நோவு மேல ஏறாம எல்லை கட்டோணும், சென்னி. நாலு வெரல்லயும் தொட்டு, தொடைக்கு மேலாக்க, அரைக்குக் கீழ குறுக்கால இழு. அதத் தாண்டி எதுவும் போவாது."

"நர்ஸம்மா பாத்தாத் தொலைச்சுருவாங்க நங்கையா" என்றாள் சென்னியம்மாள் தன் நாத்தனாரிடம்.

"பின்னாடிப் பக்கமா இழு. மல்லாக்கக் கெடக்கறவனப் பொரட்டிப் பொரட்டிப் பாக்கறதுக்கு அவளுக்கு வேற பொழப்பில்லையா?" வள்ளியாத்தாள் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு மட்டும் கேட்டுக்க. இழுத்த பொறவு யாருகிட்டயும் வாயத் தொறக்காத. சொன்னீன்னா கட்டு அவுந்து போயிரும். அவுந்த நோவு ஒரே எகிறா எகிறி நெஞ்சுக்குப் போயிரும். அப்பறம் என்ற தம்பி உசுரு உன்ற தலை மேல."

மறுநாட்காலையில் கொடுத்த ஊசியினால் செங்கோடன் கண் செருகிக் கிடந்தான். தள்ளுவண்டி எடுத்துவர நர்ஸ் வெளியே போன சிறுபொழுதில், சென்னியம்மாள் அவனுடைய இடுப்பை ஒரு கையால் தூக்கி, மறுகையின் நான்கு விரல்களையும் செந்தூரத்தில் தோய்த்து, தொடையின் பின்புறத்தில் மேலாக, குறுக்கே இழுத்தாள். தன்னால் இயன்றது எதையும் விட்டுவைக்கலாகாது என்பதுதான் அப்போது அவளுடைய எண்ணம். அவளைக் குறை சொல்லுவதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

எக்ஸ்ரே அறையின் கதவு சாத்தப்பட்டது. சென்னியம்மாள் வெளியே சுவரோரம் நின்றாள். உள்ளே தொடையிடுக்கில் மரப்பு மருந்து போட்டு, சிறிது கீறிப் பெருங்குழாயைக் கண்டு ஊசியை ஏற்றினார்கள். திடீரென்று செங்கோடனின் குரல் கதவைத் தாண்டி வந்தது.

"ஐயோ சாமி! காலுக்குள்ள கொள்ளிக்கட்டையச் சொருகறாங்கோ!"

"அசையாதே தம்பி, அசையாதே! மருந்து போகுது. இதோ முடிஞ்சுது" என்று டாக்டர் சொல்வது கேட்டது. பிறகு பொறியின் உறுமல், தகடு மாற்றும் ஓசை, மறுபடியும் உறுமல். அவ்வளவுதான். வெளியே வந்த வண்டியின் விரிப்பில் அங்கங்கே சிவப்புத் தெரிந்தது. கீறலுக்குத் தடவும் மருந்தும் சிவப்பாகையால் அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

நண்பகலில் டாக்டர் அவளைத் தம் அறைக்கு அழைத்தார். சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி; அதனுள் மின்விளக்கு. அதன்மேல் படத்தை மாட்டி விசையைத் தட்டினார்.

சென்னியம்மாள் படத்தின் அருகே வந்தாள். இருபது வயதுக்குள் அவள் எத்தனையோ கண்டிருந்தாள். உயிரோடிருக்கும் ஒருவனுடைய இரத்தம் அவனுக்குள்ளே போகும் வழியைக் கண்டதில்லை. அரசனும் ஆண்டியும் பிறந்தது முதல் சுமந்து திரிந்து, ஒருமுறையும் பாராமலே மாண்டுபோகிற அந்த வழி, இங்கே வெள்ளை வெளேரென்று எழுதப்பட்டிருந்தது. தொடையில் பெருங்குழாய் வடம்போல நேராக இறங்கிற்று. அதிலிருந்து கிளைகள் பிரிந்தன, கிளையிலிருந்து கொப்புகள், ஒவ்வொன்றும் போகப்போக மெலிந்து, கண்ணுக்கு எட்டாத நூலாகி மறைந்தது. படைத்தவன் எவ்வளவு நிதானமாக வரைந்திருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றிற்று.

"இது நல்ல இடம்" என்றார் டாக்டர். பின்னர் அவருடைய பென்சில் முழங்காலுக்குக் கீழே இறங்கிற்று. "இது புத்து."

அங்கே அந்த ஒழுங்கு அடியோடு குலைந்திருந்தது. குழாய்கள் முறுக்கிக்கொண்டும் பின்னிக்கொண்டும், தடித்தவை மெலியாமலும், மெலிந்தவை திடீரென்று பருத்தும், கேட்பாரற்ற காட்டில் கோவைக்கொடி ஏறினாற்போல எலும்பைச் சுற்றிப் படர்ந்திருந்தன. நடுநடுவே மருந்து போக வழியின்றிக் குட்டை குட்டையாகத் தேங்கி நின்றது.

"இதோட நின்னிருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பேன்." டாக்டரின் பென்சில் மேலே, வெகு மேலே போயிற்று. "இங்க பாருங்கம்மா."

அரைக்குச் சற்றுக் கீழே, தொடையின் குறுக்கே, நான்கு வெள்ளைத் திட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

"கீழே மாதிரியே இங்கேயும் மருந்து தேங்கியிருக்கு. புத்து தாவியிருக்குன்னுதான் படிக்கணும். இவ்வளவு மேலே வந்துட்டா, கத்தி வைக்க எனக்கு இடமே இல்லை."

சென்னியம்மாள் அந்தத் திட்டுகளைப் பார்த்தாள். ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல்; நான்காவது சற்றே சிறிதாய்ச் சுண்டுவிரல். தன் கையை அவள் அறியமாட்டாளா? வாய் திறக்க வந்தது. வள்ளியாத்தாளின் குரல் அதைப் பொத்திற்று.

டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாவது படத்தை எடுத்து முதலாவதன் பக்கத்தில் மாட்டி, இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு மட்டும் எனக்குச் சரியாப் படலை" என்று அவர் தமக்குத்தாமே சொல்வதுபோலச் சொன்னார். "இது கொஞ்ச நேரம் விட்டு எடுத்த படம். அதுக்குள்ள மருந்து எல்லாம் நகர்ந்து போச்சு. நல்ல குழாய்ல இல்லவே இல்லை. புத்துக்குள்ள இருந்த குட்டைகூட உருவம் மாறி மங்கிடுச்சு. இந்த நாலு மட்டும் முதல்ல எப்படி இருந்துதோ அப்படியே இருக்கு. மயிரிழை மாறலை. ரத்தத்துல போன மருந்துன்னா ரத்தத்தோட நகரணுமே. நகராத நிழல் என்ன நிழல்?"

அவர் திரும்பினார். "அந்த இடத்துல எப்பவாவது இரும்புத் துண்டு, குண்டு ஏதாவது பாஞ்சதுண்டா? சூடு இழுத்தீங்களா?"

"இல்லீங்க."

"செத்த சதைக்குள்ள மருந்து சிக்கியிருக்கலாம். அப்படியும் உண்டு." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நம்பிக்கை வெச்சுக்காதீங்க அம்மா. ஆனா எனக்குப் புரியாத படத்தை வெச்சுக்கிட்டு ஒரு மனுஷனைச் சாகறதுக்கு வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசில்லை. சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன்."

சென்னியம்மாள் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். செங்கோடன் விழித்திருந்தான்.

"என்ன சொன்னாங்க புள்ள?"

"பாத்துட்டிருக்கறாங்க."

"ஊட்டுக்குப் போலாம்னு சொல்லிட்டாங்களா?"

அவள் அவனுடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"சொல்லிட்டா நல்லதுதான். இங்க ஊத்தற கஞ்சியக் குடிச்சுச் சாகறதுக்கு, உன்ற கொழம்பத் தின்னு சாவறேன். ரெண்டுல எது வெரசாக் கொல்லும்னுதான் தெரியல."

வழக்கமாக அவள் இதற்கு ஏட்டிக்குப் போட்டியாக ஒன்று சொல்லியிருப்பாள். இன்று இருதலைக்கொள்ளி எறும்பின் நிலையில் இருந்தாள். சொன்னால் கட்டு அவிழ்ந்து நோய் நெஞ்சுக்கு ஏறும். சொல்லாவிட்டால் டாக்டர் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். இரண்டு பக்கமும் செங்கோடனுடைய உயிரே நின்றது. தெய்வத்தின் பேரால் போட்ட கட்டை மீறுவது அவளுக்கு விளையாட்டுக் காரியம் அன்று. அனுமந்தராயனை அவள் இப்போதும் நம்பினாள், பிற்காலத்திலும் நம்பினாள். ஆயினும் அந்த வெளிச்சப் பெட்டி அவள் கண்ணை விட்டு அகலவில்லை. அங்கே அவள் கண்ட நல்ல குழாய்கள், தொடை நெடுகக் கொப்பும் கிளையுமாகக் குறைவின்றி ஓடியிருந்தன. நோய் எங்கே இருக்கிறது என்பதையும் எங்கே இல்லை என்பதையும் அவள் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். மேலே இருந்தவை அவளுடைய விரல்கள். நோய் அன்று. அதை அறிந்தவர் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

"சாமி கோவிச்சுக்கிட்டா என்னையவே கோவிச்சுக்கட்டும்" என்று எழுந்தாள்.

"எந்தச் சாமி? எங்க போற?" என்று செங்கோடன் கேட்கும்போதே அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

டாக்டர் இன்னமும் அதே பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மேசையில் அவருடைய சாப்பாடு திறவாமல் இருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியை அந்த நான்கு திட்டுகளின்மேல் பிடித்திருந்தார். சென்னியம்மாள் அருகே சென்று தன் வலக்கையின் நான்கு விரல்களையும் படத்தின்மேல் வைத்தாள். திட்டுகள் நான்கும் விரல்களுக்கு அடியில் மறைந்தன.

டாக்டர் அவள் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் போகாமலிருந்த சிவப்பைப் பார்த்தார்.

"என்னது இது?"

"செந்தூரமுங்க. காத்தால நாந்தான் பூசுனேன். எல்லை கட்டுனேனுங்க. நர்ஸம்மா மேல தப்பில்லீங்க." பிறகு அடக்கியிருந்தது உடைந்து வந்தது. "வெளிய சொல்லக்கூடாதுங்க. சொன்னா அவரு உசுருக்கு ஆகாதுங்க. சொல்லிப்போட்டனுங்க சாமி, சொல்லிப்போட்டேன்!"

டாக்டர் அருணகிரி கோபிக்கவில்லை. அவர் கோபித்திருந்தாலும் தகும். ஓர் அரிய மருந்தும் ஒருவனுடைய வேதனையும் வீணாகப் போக இருந்தன. அவர் செய்தது வேறு. "ஈயச் செந்தூரம்! ஈயத்தைத் தாண்டி எக்ஸ்ரே போகாதே, படத்துல வெள்ளையாத்தானே விழும்!" என்று சொல்லிக்கொண்டே அறையை விட்டு ஓடினார். அவர் ஓடி அந்த ஆஸ்பத்திரியில் ஒருவரும் அதற்குமுன் பார்த்ததில்லை. கமலவேணியை அழைத்துச் செங்கோடனைப் பக்கவாட்டில் திருப்பி, சாராயத்தில் நனைத்த பஞ்சினால் துடைத்தார். பஞ்சு பஞ்சாகச் சிவந்து வந்தது.

கமலவேணி சென்னியம்மாளை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். "நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"திட்டறதைப் பிற்பாடு வெச்சுக்கலாம்" என்றார் டாக்டர். "நீயும் நானும் முன்பக்கத்தை மட்டும் பாத்தோம். இந்த அம்மாவாவது வந்து சொல்லிச்சு. வண்டியைக் கொண்டா."

தொடையை மறுபடியும் படம் எடுத்தார்கள். இம்முறை ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. ஈரம் காயாத படத்தை டாக்டரே கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்தார். எலும்பு கறையின்றி இருந்தது. திட்டுகளைக் காணோம். பழைய படங்களை மீண்டும் மாட்டி, தொடையிலுள்ள குழாய்களை ஒவ்வொன்றாகப் பென்சிலால் தொடர்ந்து சென்று பார்த்தார். ஒன்றாவது முறுக்கவில்லை, ஒன்றாவது குட்டை கட்டவில்லை. புற்று முழங்காலுக்குக் கீழே, பிறந்த இடத்திலேயே இருந்தது. நெஞ்சையும் படம் எடுத்துப் பார்த்து, அங்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்தபின்பே கட்டிலருகே வந்தார்.

"செங்கோடன், காலை எடுக்கணும். எடுத்தா நீ பிழைக்க வழியிருக்கு. சத்தியம் பண்ணமாட்டேன், இது பொல்லாத நோய். ஆனா காலையில இல்லாத வழி இப்ப இருக்கு."

செங்கோடன் வீங்கிய காலைக் கையால் தடவிப் பார்த்தான். வேடிக்கைப் பேச்சு அவனைக் கைவிட்டிருந்தது. "காலில்லாம நான் என்னத்துக்குங்க ஆவேன்?" என்றான். குரல் அவனுடையதுபோல் இல்லை.

அப்போது சென்னியம்மாள் குறுக்கிட்டாள்.

"ஏனுங்க, நான் பாத்தேனுங்க. உங்க காலுக்குள்ள இருக்கறத என்ற கண்ணால பாத்தேன். மேல அத்தனையும் அத்தனை அழகா இருக்குதுங்க. கீழ ஒண்ணுதான் கெட்டுப் போயிருக்குது. அந்த ஒண்ணு மத்ததெல்லாம் தின்னறதுக்கு முன்னால குடுத்துருங்க."

அவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். "அழகா இருக்குதா?"

"நெம்ப அழகுங்க."

"கலியாணமாகி மூணு வருசங் கழிச்சு இன்னைக்குத்தான் சொல்ற." பிறகு டாக்டரிடம், "எடுத்துருங்க சாமி" என்றான்.

இரண்டு நாள் கழித்து, படம் காட்டிய அளவுப்படி, நல்ல குழாய்களைக் கட்டி, தொடையின் நடுவில் காலை எடுத்தார் அருணகிரி. புண் சீழ் பிடிக்காமல் ஆறிற்று. தையல் பிரித்த நாளில் வள்ளியாத்தாள் வந்தாள். போர்வை ஒரு பக்கம் தட்டையாய்க் கிடந்ததைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். சென்னியம்மாள் மறைக்காமல் நடந்ததைச் சொன்னபோது அழுகை கோபமாக மாறிற்று.

"வாயத் தொறக்காதன்னு சொன்னேனா இல்லியா? சொன்னதுனாலதான்டி கால் போச்சு! பாவி, என்ற தம்பிய மொண்டியாக்கிப்போட்டியே!"

அந்த வார்டிலிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தனர். சென்னியம்மாள் தலை குனியவில்லை.

"கால் போச்சுங்க நங்கையா. நாந்தான் போக்குனேன். இல்லேன்னு சொல்லல."

"சொல்லமாட்ட! உனக்கென்ன, நெஞ்சுல கல்லு!"

"ஏ அக்கா," என்று படுக்கையிலிருந்து குரல் வந்தது. செங்கோடன் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தான், முகம் வெளுத்திருந்தது, கண்ணில் பழைய குறும்பு திரும்பியிருந்தது. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சும்பாங்க. எனக்குக் காலோட போச்சு. அவளத் திட்டறதா இருந்தா, நான் செத்துக் கெடக்கறேன்னு நெனச்சுக்கிட்டுத் திட்டு பாக்கலாம். திட்ட வருதா?"

வள்ளியாத்தாள் வாயைத் திறந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு, சென்னியம்மாளின் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"நீ சோறு உண்டியா?"

"இல்லீங்க நங்கையா."

"கூடையில களி இருக்குது. மொதல்ல நீ தின்னு. அப்பறம் இவனுக்குக் குடு."